பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து கேமரா வாங்கலாமா?

கேள்வி: என் மகள் பள்ளி மேடையில் நடனம் ஆடுகிறாள். போனில் எடுத்தால் முகம் வெளிறிப் போகிறது, கையும் காலும் கோடு கோடாகப் பதிகின்றன. அவ்வப்போது வெளியூர்ப் பயணம் உண்டு. பறவைகளை எடுக்கவும் ஆசை. கடைக்காரர் 60 மடங்கு ஜூம் உள்ள கேமராவைக் காட்டுகிறார். நண்பர் ஒருவர் ஃபுல் ஃபிரேம்தான் வாங்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் நல்ல போனே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆளுக்கொரு வகைப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் சொன்ன மூன்று வேலைகளில் கேமராவைத் திணறடிப்பது மேடை நடனம். இருட்டும் வேகமும் சேர்ந்து வரும் இடம் அது. அதைச் சமாளிக்கிற கேமரா பயணத்துக்குத் தாராளமாக ஆகும். பறவைகள் விஷயம் வேறு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் மெகாபிக்சலை ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஒரு படத்தை ஏ4 தாளில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிட 9 மெகாபிக்சல்கூட வேண்டாம். 4கே டிவி முழுக்க நிறைக்க 8.3 மெகாபிக்சல் போதும். இன்று கடையில் இருக்கும் எந்தக் கேமராவிலும் அதற்கு மேலேயே இருக்கிறது. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் என்பதற்காக அதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியவை இரண்டு: சென்சாரின் (உள்ளே வரும் ஒளி விழுந்து படமாகப் பதியும் சில்லு) பரப்பளவு, லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பது. இரண்டாவதை எஃப் எண் சொல்லும்: எண் சிறிதாக இருந்தால் ஒளி அதிகம், பெரிதானால் குறைவு. ஒரு கேமராவின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன.

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 x 24 மி.மீ. அடுத்தது ஏபிஎஸ்-சி, ஏறத்தாழ 23.5 x 15.6 மி.மீ. (கேனானில் கொஞ்சம் சிறியது). அதற்கும் கீழே மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், 17.3 x 13. பிறகு ‘ஒரு அங்குல’ சென்சார். பெயர் அப்படி இருந்தாலும் உண்மை அளவு 13.2 x 8.8 மி.மீ. தான். கடைசியில், 60 மடங்கு ஜூம் கேமராக்களில் வழக்கமாக இருக்கும் 1/2.3 அங்குல சென்சார், 6.2 x 4.6 மி.மீ. பெருக்கிப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் அந்தக் குட்டி சென்சாரைவிடச் சுமார் 30 மடங்கு பெரியது. லென்ஸ் ஒரே எஃப் எண்ணில், ஒரே நேரத்துக்குத் திறந்திருந்தால், பெரிய சென்சார் அத்தனை மடங்கு அதிக ஒளியைப் பிடிக்கும். இருட்டில் படம் பொரிப்பொரியாக வருவதும் வராததும் இதைப் பொறுத்ததுதான்.

சரி, இப்போது உங்கள் மகளின் மேடைக்கு வருவோம். சுமாரான விளக்குகள் உள்ள ஒரு மேடை என்று வைத்துக்கொள்வோம். லென்ஸை எஃப் 4 அளவுக்குத் திறந்து, ஐஎஸ்ஓவை (பிடித்த ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற எண்) 100இல் வைத்தால், சரியான வெளிச்சம் கிடைக்க ஷட்டர் 1/8 வினாடி திறந்திருக்க வேண்டும். அந்த 1/8 வினாடிக்குள் குழந்தையின் கை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போய்விடும். நீங்கள் சொன்ன கோடு அதுதான். நடனத்தை நிறுத்திப் பிடிக்க 1/250 வினாடியாவது வேண்டும். அப்படிக் குறைத்தால் உள்ளே வரும் ஒளி 32 மடங்கு குறையும். அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்ற வேண்டும். எல்லாக் கேமராவும் ஐஎஸ்ஓ 3200க்குப் போகும். போன பிறகு படம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. 1/2.3 அங்குல சென்சாரில் முகம் தண்ணீரில் ஊறிய ஓவியம்போலக் குழைந்துவிடும். ஏபிஎஸ்-சி சென்சாரில் புருவ முடி தனித்தனியாகத் தெரியும்.

‘இதில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது, இருட்டிலும் எடுக்கலாம்’ என்று கடையில் சொல்வார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். மேடையில் ஆடுகிறவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது.

அப்படியானால் பெரிய சென்சார் வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமராவோடு (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய வகை) வரும் கிட் லென்ஸ், ஜூமை முழுதும் இழுத்தால் பெரும்பாலும் எஃப் 5.6 அல்லது 6.3க்கு மேல் திறக்காது. பக்கத்தில் சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 போன்ற ஒன்றை வைத்துப் பாருங்கள். 2017இல் வந்த கேமரா, ஒரு அங்குல சென்சார், ஃபுல் ஃபிரேமில் 24 முதல் 600 மி.மீ.க்குச் சமமான ஜூம் (லென்ஸின் மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது நெருக்கமாகத் தெரியும்), கடைசி முனையிலும் எஃப் 4. ஏபிஎஸ்-சி சென்சார் அதைவிட மூன்று மடங்கு பெரியது. ஆனால் எஃப் 6.3 லென்ஸ் வழியாக வருவது எஃப் 4ஐவிட இரண்டரை மடங்கு குறைந்த ஒளி. கூட்டிக் கழித்தால் இரண்டுக்கும் இடையில் மிச்சம் கொஞ்சம்தான். பெரிய சென்சாருக்குக் கொடுத்த பணத்தை மங்கலான லென்ஸ் தின்றுவிடுகிறது.

அதே ஏபிஎஸ்-சி கேமராவில் ஜூம் இல்லாத எஃப் 1.8 ப்ரைம் லென்ஸ் ஒன்றை மாட்டினால் கதை மாறிவிடும். எஃப் 6.3ஐவிடப் பன்னிரண்டு மடங்கு ஒளி வரும். முன்னால் சொன்ன அதே மேடையில், அதே 1/250 வினாடிக்கு, கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ 8000 கேட்கும். இது 640இல் முடித்துவிடும். லென்ஸ் மாற்றும் கேமராவின் உண்மையான பலம் இதுதான். கிட் லென்ஸை மட்டும் மாட்டிவைத்து, வேறு எதுவும் வாங்காமல் இருக்கப் போகிறவருக்கு அந்தப் பலத்தில் பாதிகூடக் கிடைக்காது.

ப்ரைம் லென்ஸில் ஜூம் கிடையாது. அது அதன் பலவீனம். உங்களுக்கு எவ்வளவு தூரம் எட்டும் என்று கணக்குப் போடலாம். ஏபிஎஸ்-சியில் 50 மி.மீ. லென்ஸ் வைத்து 7 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், படத்தின் உயரத்தில் 2.2 மீட்டர் அடங்கும். ஆடும் குழந்தை தலை முதல் கால் வரை, கையை உயர்த்தினாலும் உள்ளே இருப்பாள். 14 மீட்டரில் உட்கார்ந்தால் பாதி அளவுதான் தெரிவாள். 24 மெகாபிக்சல் படத்தை வெட்டிப் பெரிதாக்கினால் 6 மெகாபிக்சல் மிஞ்சும். ஆல்பத்துக்கு அது போதும். எனவே முன்வரிசையில் இடம் கிடைக்குமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். கடைசி வரிசைதான் என்றால் 85 மி.மீ. எஃப் 1.8 பாருங்கள்.

நண்பர் சொல்லும் ஃபுல் ஃபிரேம் இதைவிட நன்றாக எடுக்கும், சந்தேகமே இல்லை. பரப்பில் ஏபிஎஸ்-சியைப்போல இரண்டேகால் மடங்குக்கும் கொஞ்சம் மேல். ஆனால் சென்சார் பெரிதானால் அதற்கேற்ற லென்ஸும் பெரிதாகும். மேடை நிகழ்ச்சிகளைப் படம் எடுப்பவர்கள் வைத்திருக்கும் 70-200 எஃப் 2.8 லென்ஸ் மட்டுமே வழக்கமாக ஒரு கிலோவைத் தாண்டும். பயணத்தில் அந்தப் பை விடுதி அறையிலேயே தங்கிவிடும். படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு நான் யோசிக்காமல் சொல்வேன்; உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

போன் விஷயத்தில் இரண்டாவது நண்பரை முழுக்கத் தள்ளிவிட முடியாது. பகல் வெளிச்சம், நிலக்காட்சி, சாப்பாட்டு மேசை, நான்கு பேர் நிற்கும் படம் எல்லாவற்றிலும் போன் பிரமாதமாக வேலை செய்கிறது. இருட்டில் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத கட்டடத்துக்கு அது அற்புதமான உத்தி. ஆடும் குழந்தையோ ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருப்பாள், அதனால் அந்த உத்தி தடுமாறும். பயணப் படங்களில் பாதியைப் போனிடமே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

அப்புறம், முகம் வெளிறுவதற்குப் புதுக் கேமரா தேவையே இல்லை. மேடையின் பின்புலம் கறுப்பு. கேமரா காட்சி முழுவதையும் சராசரி பார்த்து, ‘இருட்டாக இருக்கிறதே’ என்று வெளிச்சத்தைக் கூட்டுகிறது. விளக்கின் கீழ் நிற்கும் முகம் வெளுத்துப்போகிறது. போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் வெளிச்சக் குறியைக் கீழே இழுங்கள். கேமராவில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள அமைப்பு) -1 வையுங்கள். அடுத்த நிகழ்ச்சியிலேயே வித்தியாசம் தெரியும்.

இனி பறவைகள். இங்கே கடைக்காரர் காட்டும் கேமராவுக்கு நியாயம் செய்ய வேண்டும். சென்சார் குட்டியாக இருப்பதால்தான் அவ்வளவு நீள ஜூம் சாத்தியமாகிறது. 2018இல் வந்த நிகான் பி1000, 125 மடங்கு ஜூம், ஃபுல் ஃபிரேமில் 3000 மி.மீ.க்குச் சமம் என்று சொல்லப்படுவது. உள்ளே இருக்கும் லென்ஸின் உண்மைக் குவியத் தூரம் 539 மி.மீ. தான். முழுக்க இழுத்தால் முழு நிலா படத்துக்குள் அடங்காது. ஃபுல் ஃபிரேமில் அதே நெருக்கம் வேண்டுமானால் தோளில் தூக்கும் லென்ஸே கிடையாது. உச்சி வெயிலில், கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையை இந்த வகைக் கேமரா அழகாக எடுக்கும்.

ஆனால் அந்த முனையில் அதன் லென்ஸ் எஃப் 8 தான் திறக்கும். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடிகாலையிலும் மாலையிலும் அது திணறும். பறக்கும் பறவையை ஃபோகஸ் துரத்திப் பிடிக்காது. எடையும் 1.4 கிலோ. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: வெயிலில் நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பதை எடுக்கும்போது இடையில் இருக்கும் சூடான காற்றே நெளியும். எந்த ஜூமாலும் அதைத் தாண்ட முடியாது. நான்கு அடி கிட்டப் போவது நாற்பது மடங்கு ஜூமைவிட நல்ல படம் தரும் நாட்கள் உண்டு.

எனவே என் யோசனை: ஏபிஎஸ்-சி மிரர்லெஸ், கண்ணைக் கண்டுபிடித்துத் தொடரும் ஃபோகஸ் உள்ளதாக. கிட் லென்ஸோடு ஒரு 50 மி.மீ. எஃப் 1.8. பறவை ஆசை ஆறு மாதம் கழித்தும் குறையாமல் இருந்தால் அப்போது 300 மி.மீ. வரை போகும் ஜூம் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அது ஃபுல் ஃபிரேமில் 450 மி.மீ.க்குச் சமமாகும். லென்ஸ் மாற்றுவதே தொல்லை, ஒரே கேமராவில் எல்லாம் வேண்டும் என்றால் முன்பு சொன்ன ஒரு அங்குல சென்சார் ஜூம் வகை. மேடையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பீர்கள், மற்ற எல்லாவற்றிலும் மனநிறைவாக இருக்கும்.

கையில் பணம் குறைவு என்றால் பழைய டிஎஸ்எல்ஆரை (உள்ளே இருக்கும் கண்ணாடி, ஒளியைப் பார்வைத் துளைக்கு அனுப்பும் வகை) ஒதுக்காதீர்கள். பேட்டரி நீண்ட நேரம் வரும்: நிகான் டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் என்று நிறுவனம் சொல்கிறது, மிரர்லெஸ்களில் வழக்கமாக 300, 400தான். பார்வைத் துளையில் தெரிவது நிஜ ஒளி, தாமதம் கிடையாது. ஆனால் படம் எந்த வெளிச்சத்தில் பதியும் என்று எடுக்கும் முன்பே காட்டாது. நிறுவனங்களின் கவனமும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது. பயன்படுத்தியதை வாங்கினால் லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் மெமரி கார்டைக் கொண்டு போங்கள். கடையில் இருப்பதிலேயே இருட்டான மூலையில், ஜூமை முழுக்க இழுத்து, ஷட்டரை 1/250இல் வைத்து, நடந்து போகும் யாரையாவது ஐஎஸ்ஓ 3200இலும் 6400இலும் எடுங்கள். இரண்டு மூன்று கேமராவில் இதையே செய்து, வீட்டுக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணாடி போடுபவராக இருந்தால் பார்வைத் துளையில் நான்கு மூலையும் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத கடையில் நான் வாங்கமாட்டேன்.

வாங்கிய பிறகு மேடைக்கு: ஷட்டர் முன்னுரிமை (ஷட்டர் நேரத்தை நீங்களே வைக்கும் முறை), 1/250. ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சவரம்பு 6400. ரா கோப்பாக (சென்சாரில் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு) சேமியுங்கள். படத்தில் விழும் பொரியை நீக்கும் மென்பொருள்கள் இப்போது அதிலிருந்து நிறைய மீட்டுத் தருகின்றன. அரங்கில் சத்தம் வேண்டாமே என்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால், எல்ஈடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். அப்படி விழுந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள். ஒத்திகைக்கு அனுமதித்தால் அன்றே போய் இதையெல்லாம் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.