மகளின் போனைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டேன், இப்போது பேச மறுக்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. கூட்டுக் குடும்பம். சில மாதங்களாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறாள், எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறாள். "இப்போதே அடக்கி வை, இல்லையென்றால் கைமீறிப் போய்விடுவாள்" என்கிறார் மாமியார். பயத்தில் அவள் போனை எடுத்துப் பார்த்தேன். தோழிகளோடு பேசிய பேச்சைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் மன்னிப்புக் கேளுங்கள். "உன்னைக் கேட்காமல் போனை எடுத்தது தப்பு. பயத்தில் செய்துவிட்டேன், இனி செய்ய மாட்டேன்." இவ்வளவு போதும். "ஆனால் நீயும்..." என்று தொடர வேண்டாம், சொன்னதெல்லாம் வீணாகிவிடும். பிள்ளையிடம் இறங்கிப் போனால் மரியாதை போய்விடும் என்று பெரியவர்கள் வளர்த்த வீடுகளில் தயங்குவது இயல்புதான். ஆனால் இப்போது அவளிடம் நீங்கள் இழந்திருப்பது நம்பிக்கையை. அதை மீட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து, ஹோகான் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற உளவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெற்றோருக்குப் பிள்ளையைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி, துருவிக் கேட்டோ கட்டுப்பாடு போட்டோ வந்ததல்ல. பிள்ளை தானாக வந்து சொன்னது. அதாவது, உங்கள் மகள் வாய் திறந்து பேசுவதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. வேவு பார்த்தால் அந்த வாயைத்தான் அடைக்கிறோம். போனைப் பூட்டிவைக்கவும், வேறு கணக்கு தொடங்கவும் அவளுக்குத் தெரியாதா என்ன?

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா? வேண்டும், எதில் என்பதுதான் கேள்வி. ஜூடித் ஸ்மெட்டானா என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இதையே கவனித்தவர். பிறரைத் துன்புறுத்துவது, உயிருக்கு ஆபத்தானது போன்றவற்றில் பெற்றோர் விதி போடுவதை வளரிளம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். முடி, உடை, தோழிகளோடு அரட்டை, தன் அறை என்று வரும்போதுதான் "இது என் விஷயம்" என்று முறுக்கிக்கொள்கிறார்கள். மரபை மதிக்கும் குடும்பங்களில் இந்த இரண்டாவது பட்டியலில்தான் ஊர் வாய்க்கு பயந்து அதிக விதிகள் இருக்கும். சண்டையும் அங்கேதான் வெடிக்கும். ஆகவே இரண்டு மூன்று விதிகளை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: எங்கே, யாரோடு போகிறாள், எப்போது திரும்புவாள், முன்பின் தெரியாதவர்களோடு இணையத்தில் பேசுவது. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லுங்கள். "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்பதைக் காரணமாக இந்த வயதுப் பிள்ளைகள் ஏற்பதில்லை. மற்றதில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

அப்புறம் மாமியார். அவருக்கும் பேத்தி மேல் அக்கறைதான். மகள் எதிரில் அவரோடு வாதாட வேண்டாம். ஆனால் அவர் மகளைக் குறை சொல்லும்போது நீங்களும் சேர்ந்துகொள்ளாதீர்கள். நீங்களும் கணவரும் முதலில் ஒரே முடிவுக்கு வந்து, அதைக் கணவரே தன் அம்மாவிடம் சொல்வது நல்லது. காலையில் எழாததற்குத் திட்டினால் இதையும் சொல்லலாம்: இந்த வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரப்பு தள்ளிப்போகிறது, 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் தேவை. எல்லாமே சோம்பல் இல்லை.

கதவைச் சாத்துவது மட்டும் நோயல்ல. ஆனால் தோழிகளையும் விலக்குகிறாள், சாப்பாடும் தூக்கமும் மாறிவிட்டன, பிடித்த எதிலும் ஆர்வமில்லை என்ற நிலை இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்று பேசினாலோ, உடம்பில் தானே ஏற்படுத்திய காயம் கண்ணில் பட்டாலோ அன்றே போங்கள். வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.