சிலர் மட்டும் மறக்காமல் சுவிட்சை அணைக்கிறார்களே, எப்படி?

எது முக்கியம் என்று மனம் நம்புவது விழுமியம். யோசிக்காமலே கை செய்வது பழக்கம். மின்சாரச் சிக்கனத்துக்கு இரண்டும் வேண்டும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. அதுவரை நினைவூட்ட யாரும் இல்லை, பழக்கம்தான் துணை. செருப்பை வாசலில் கழற்றுவதை யோசித்தா செய்கிறோம்? அதுபோலத்தான்.

பாளையங்கோட்டையில் எங்கள் ஆச்சி அறையைத் தாண்டும்போதே கை சுவிட்சுக்குப் போய்விடும். “எலே, ஆளில்லாத ரூம்ல ஃபேன் யாருக்குலே சுத்துது?” என்பார். 75 வாட் ஃபேன் சுமார் 13 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அந்தக் கணக்கு ஆச்சிக்குத் தெரியாது. சோற்றுப் பருக்கையைக்கூட வீணாக்காத மனசு அவருக்கு.

சிக்கனம் என்றால் புழுக்கத்தில் கிடப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஆள் இருக்கும் அறையில் ஃபேன் தாராளமாக ஓடட்டும்.