384 பேரை எங்கே பிடித்தீர்கள்? – ப்ராஜெக்ட் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, தரவு திரட்டி முடித்துவிட்டு வைவாவுக்குக் (ப்ராஜெக்ட்டின் வாய்மொழித் தேர்வுக்குக்) காத்திருப்பவர்களுடையது. அந்தக் கட்டத்தில் கேட்டால் பெரும்பாலும் ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்பதுதான் பதிலாக இருக்கும். முன்பே எழுதுங்கள்.

கே: ‘கல்லூரி மாணவிகளின் தன்மதிப்பில் இன்ஸ்டாகிராமின் தாக்கம்’ என்பது தலைப்பு. ஒரே ஒரு சர்வே எடுத்தேன். கைடு ஒப்புக்கொண்டுவிட்டார். பிரச்சினை ஏதும் வருமா? – எம்.எஸ்சி. உளவியல், கோவை

ப: வரும். இன்ஸ்டா பயன்பாடு, தன்மதிப்பு இரண்டையும் ஒரே நாளில் கேட்டுவிட்டு, எது எதைப் பாதித்தது என்று சொல்ல வழியே இல்லை. தன்மதிப்பு குறைந்தவர்தான் இன்ஸ்டாவே கதியென்று கிடக்கிறாரோ என்னவோ. ‘தாக்கம்’ போகட்டும், ‘தொடர்பு’ வரட்டும். தலைப்பில் மட்டுமல்ல, ஹைப்பாதிசிஸிலும் (கருதுகோளிலும்) முடிவுரையிலும்கூட. ‘ஆகவே மாணவிகள் இன்ஸ்டா நேரத்தைக் குறைக்க வேண்டும்’ என்று கடைசியில் ஒரு பரிந்துரை எழுதியிருப்பீர்கள். அதையும் அடித்துவிடுங்கள்.

கே: எங்கள் மாவட்டத்தில் சமூக ஊடகம் பயன்படுத்துவோர் பல லட்சம். மார்கன் அட்டவணைப்படி 384 சாம்பிள். கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்ததில் 391 பதில் வந்தது. மீதி 7-ஐ நீக்கிவிடலாமா? – எம்.பி.ஏ., திருச்சி

ப: அந்த ஏழு பேர் என்ன பாவம் செய்தார்கள்? கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவல்ல. 384 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையாவது பார்த்தீர்களா?

க்ரெஜ்சியும் மார்கனும் 1970-இல் வெளியிட்ட அட்டவணை அது. 1.96-ஐ வர்க்கப்படுத்தி, 0.5 × 0.5-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384 வரும். ஒரு சதவீதத்தை, 95% நம்பகத்தோடு, 5 புள்ளி முன்பின்னாகச் சொல்ல அத்தனை பேர் வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அதுவும் ஒரு நிபந்தனையோடு: ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்திருக்க வேண்டும். உங்கள் 391 பேர் யார்? வகுப்புக் குழு, ஹாஸ்டல் குழு, அண்ணனின் ஆபீஸ் குழு, அம்மாவின் அபார்ட்மென்ட் குழு. உங்களுக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். சமூக ஊடகப் பழக்கத்தைப் பற்றிய ஆய்வுக்குச் சமூக ஊடகத்திலேயே ஆள் பிடிப்பது, மீன் மார்க்கெட்டில் நின்றுகொண்டு ஊரில் எத்தனை பேர் சைவம் என்று எண்ணுவது மாதிரி. அங்கே 384 கிடைத்தாலும் 3,840 கிடைத்தாலும் பிழை அப்படியே இருக்கும்.

வந்த பதில்களையாவது பார்த்தீர்களா? ஷீட்டைத் திறந்து நேரப்படி அடுக்குங்கள். இரவு 11.42-க்கு ஒன்று, 11.43-க்கு அச்சு அசலாக அதே விடைகளோடு இன்னொன்று. ஒருவரே இரண்டு முறை அனுப்பியிருக்கிறார். இன்னொரு வரிசையில் மேலிருந்து கீழ்வரை எல்லாம் 4. படிக்காமல் குத்தியது. கூகுள் ஃபார்ம் அனுப்பிய நேரத்தை மட்டுமே பதியும், எத்தனை நிமிடம் எடுத்தார் என்பது தெரியாது. அதனால்தான் நடுவில் ‘இந்த வரிக்கு 2 என்று குறியுங்கள்’ என ஒரு காவல் கேள்வி வைக்கச் சொல்கிறேன். நீக்குவதென்றால் இவர்களை நீக்குங்கள், கடைசியாக வந்த ஏழு பேரை அல்ல.

செய்திருக்க வேண்டியது இது. மாவட்டத்தை விட்டுவிட்டு ஒரே கல்லூரி. அலுவலகத்தில் கேட்டு ரோல் நம்பர் பட்டியல் வாங்குங்கள். 1,200 பேர் என்றால் அதே அட்டவணை 291 என்கிறது. 1 முதல் 4 வரை சீட்டுக் குலுக்கி ஒரு எண் எடுங்கள். அதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நான்காவது ரோல் நம்பரும். 300 பேர் ஆயிற்று. அச்சடித்த தாளோடு வகுப்புக்குப் போய் 20 நிமிடம் வாங்குங்கள். அன்று வராதவர்களுக்காக இன்னொரு நாள் போங்கள், ‘வராதவர்’ என்பதே உங்கள் ஆய்வுக்கு முக்கியமான ஆளாக இருக்கலாம். எத்தனை பேரிடம் கேட்டு எத்தனை பேர் தந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் வேலை சதவீதம் சொல்வதா, இரண்டு மாறிகளுக்கு இடையே தொடர்பு பார்ப்பதா? தொடர்பு என்றால் அந்த அட்டவணைக்கே வேலையில்லை. ஜி-பவர், எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும் இலவச மென்பொருள். 0.2 அளவுள்ள கோரிலேஷன் (தொடர்பு) உண்மையில் இருந்தால் அதை 80% பவரோடு, அதாவது பத்தில் எட்டு முறை, பிடிக்க சுமார் 195 பேர் போதும் என்று சொல்லும். இப்போதைக்கு ‘வசதி மாதிரி’ (கைக்கு எட்டியவர்களைக் கேட்டது) என்று ஒளிக்காமல் எழுதி, மாவட்டத்தின் பெயரை முடிவுகளிலிருந்து எடுத்துவிடுங்கள். 384-ஐயும்தான்.

கே: ரோசன்பெர்க் தன்மதிப்பு ஸ்கேலை நானே தமிழாக்கினேன். ஆல்பா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) 0.42 வருகிறது. எந்தக் கேள்விகளை நீக்கினால் 0.7 ஆகும்? – எம்.ஃபில்., மதுரை

ப: நீக்காதீர்கள், திருப்புங்கள். பத்தில் ஐந்து கேள்விகள் எதிர்மறை: வழக்கமான வரிசையில் 2, 5, 6, 8, 9. 1 முதல் 4 வரை மதிப்பெண் என்றால் இந்த ஐந்தின் மதிப்பெண்ணை 5-இலிருந்து கழித்த பிறகே ஆல்பா பார்க்க வேண்டும். பத்தில் ஒன்பது ‘குறைந்த ஆல்பா’ கடிதங்களுக்கு மருந்து இந்த ஒரு வரிதான்.

அதற்குப் பிறகும் ஏறாவிட்டால் கோளாறு தமிழில் இருக்கிறது. 5-ஆவது கேள்வியை ‘பெருமைப்பட என்னிடம் அதிகம் ஒன்றுமில்லை’ என்று போட்டிருப்பீர்கள். தன்னைப் பற்றிப் பெருமையாக நினைப்பவர் அதற்கு ‘உடன்படவில்லை’ என்று குறிக்க வேண்டும். ஒன்றுமில்லை என்பதற்கு இல்லை என்று சொல்ல வேண்டும், தலை சுற்றும். பாதிப் பேர் மாற்றிக் குறிப்பார்கள். ஒருவர் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி, இரண்டையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். அதன்பின், எப்போதும் சொல்வதுதான், பத்துப் பேரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறார்களோ அங்கே பிழை.

கே: டீக்கடைக்காரர்கள் யு.பி.ஐ.-யை ஏற்பது பற்றி டாம் (TAM) மாதிரியை, அதாவது புதுத் தொழில்நுட்பத்தை ஆட்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று விளக்கும் மாதிரியை, வைத்துச் செய்கிறேன். 120 பேரில் கிட்டத்தட்ட எல்லாருமே ‘பயன்படுத்தும் எண்ணம்’ கேள்விகளுக்கு 5 குறித்துவிட்டார்கள். ரிக்ரெஷனில் (எது எதை விளக்குகிறது என்று பார்க்கும் கணக்கில்) எதுவும் வரவில்லை. – எம்.காம்., சேலம்

ப: கல்லாப்பெட்டி மேல் க்யூஆர் ஸ்டிக்கரும், ‘பத்து ரூபாய் பெறப்பட்டது’ என்று கத்தும் பெட்டியும் வைத்திருப்பவரிடம் போய் ‘வருங்காலத்தில் பயன்படுத்தும் எண்ணம் உண்டா’ என்று கேட்டால் வேறென்ன குறிப்பார்? எல்லாரும் 5 என்றால் விளக்குவதற்கு வேறுபாடே இல்லை. ரிக்ரெஷன் என்ன செய்யும்?

டேவிஸ் 1989-இல் டாம் மாதிரியை முன்வைத்தபோது அவர் பார்த்தது அலுவலகத்தில் மென்பொருள் பயன்படுத்துகிறவர்களை. உபயோகம் உண்டா, சுலபமா, இரண்டே நம்பிக்கைகள். டீக்கடையில் வாடிக்கையாளர் போனை நீட்டுகிறார், கடைக்காரருக்கு வேறு வழியில்லை. சுற்றியிருப்பவர் நெருக்குவதும் வசதி இருப்பதும் 2003-இல் வந்த யுடாட் (UTAUT) என்ற விரிவான மாதிரியில் இருக்கின்றன, அதை எடுங்கள். ‘எண்ணம்’ வேண்டாம், அளவைக் கேளுங்கள்: நேற்றைய வசூலில் எத்தனை ரூபாய் யு.பி.ஐ.-யில் வந்தது, பால்காரருக்கு எதில் கொடுத்தீர்கள். அதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு கிடைக்கும். அப்படியே, அந்த ஸ்டிக்கர் யார் கணக்குடையது என்றும் கேளுங்கள். மகன் கணக்கு என்றால் உங்கள் ‘பயனாளர்’ கடையில் நிற்பவர் அல்ல.

கே: தினமும் எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு 1–2, 2–3, 3–4 என விருப்பங்கள் கொடுத்தேன். சரியா? – பி.எஸ்சி., திருநெல்வேலி

ப: 2 மணி நேரக்காரர் எதில் குறிப்பார்? போகட்டும், நினைவிலிருந்து மணிக்கணக்கு கேட்பதே வீண். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம். போன வாரத்து எண்ணை ஆப் வாரியாக அவரே பார்த்து எழுதட்டும். ஒரே போனை வீட்டில் இருவர் பயன்படுத்துகிறார்களா, யூடியூப் டிவியில் ஓடுகிறதா என்று கூடவே கேளுங்கள். வாட்ஸ்அப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பத்துப் பேரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்வது இதற்கும்தான்.

கே: பெர்கன் சமூக ஊடக அடிமைத்தன ஸ்கேலில் என் மாணவர்களில் இத்தனை சதவீதம் ‘அடிமைகள்’ என்று எழுதலாமா? – சென்னை

ப: கூடாது. ஆறு கேள்விகள், 6 முதல் 30 வரை மதிப்பெண். அது வடிகட்டும் சல்லடை, நோய்ப் பட்டியல் அல்ல. மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியல்களான டி.எஸ்.எம்.-5-இலும் ஐ.சி.டி.-11-இலும் ‘சமூக ஊடக அடிமைத்தனம்’ என்றொரு நோய் இல்லை. ஐ.சி.டி.-யில் இருப்பது கேமிங். எல்லைக்கோடும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது, 19 என்பாரும் உண்டு, 24 என்பாரும் உண்டு. கோட்டை நகர்த்தினால் உங்கள் சதவீதம் பல மடங்கு மாறும். சராசரியையும் பரவலையும் கொடுங்கள்.

கே: கோரிலேஷன் 0.14, பி மதிப்பு 0.000. ‘மிக வலுவான தொடர்பு’ என்று எழுதலாமா? – ஈரோடு

ப: 0.14-இன் வர்க்கம் 0.02. ஒன்றின் ஏற்ற இறக்கத்தில் நூற்றில் இரண்டு பங்குதான் மற்றதோடு சேர்ந்து போகிறது. அது வலுவா? பி மதிப்பு என்பது தொடர்பே இல்லாதபோதும் இப்படி ஒரு எண் தற்செயலாக வரும் வாய்ப்பு; அது ஒருபோதும் பூஜ்யம் ஆகாது, ‘0.001-க்கும் குறைவு’ என்று எழுதுங்கள்.

கே: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சர்வே. தலைமையாசிரியர் கையெழுத்து போதுமா? – எம்.எஸ்.டபிள்யூ., தஞ்சாவூர்

ப: போதாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல், பிள்ளையின் சம்மதம், இரண்டும் வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி தரவு எடுப்பதற்கு முன், பின் தேதியிட்டு அல்ல. போன் நம்பர் வாங்காதீர்கள். ஃபார்ம் என்றால் மின்னஞ்சல் திரட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். மனச்சோர்வு பற்றிய கேள்விகள் இருந்தால், கடைசிப் பக்கத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ அச்சிடுங்கள். பள்ளியில் யாரிடம் பிள்ளையை அனுப்புவது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கே: 60 பதில்கள்தான் வந்தன, பத்து நாளில் சமர்ப்பிக்க வேண்டும். மீதி 90-ஐ நண்பர்களோடு உட்கார்ந்து நிரப்பிவிடலாமா? – பெயர் வேண்டாம்

ப: வேண்டாம். 60-ஐ வைத்து எழுதுங்கள், ஏன் 60 என்று இரண்டு வரி சேருங்கள். இட்டுக்கட்டிய 90-இல் எதிர்மறைக் கேள்விகளையும் நேர்க் கேள்விகளையும் ஒரே மாதிரி குத்தியிருப்பீர்கள். ஆல்பா பார்த்ததும் தெரிந்துவிடும்.