அமெரிக்க அதிபரின் கட்சியே காங்கிரஸில் பெரும்பான்மையாக இருந்தால் அவரைத் தட்டிக்கேட்க முடியுமா?

தேர்வுக்குப் படிக்கும்போது எழுந்த சந்தேகம் என்று நினைக்கிறேன். புத்தகப் பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும்: காங்கிரஸ் என்பது அங்கே நாடாளுமன்றம், அதன் இரண்டு அவைகளில் பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை இருந்தால் அதிபர் மீது குற்றம் சுமத்தலாம், இன்னொரு அவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் பதவியிலிருந்து இறக்கலாம். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998-இல் கிளிண்டன், 2019-இலும் 2021-இலும் டிரம்ப் என்று நான்கு முறை சபை குற்றம் சுமத்தியிருக்கிறது. நான்கு முறையும் செனட் விடுவித்துவிட்டது. ஜான்சன் தப்பியது ஒரே ஒரு வாக்கில்.

ஆனால் பெரும்பான்மையின் நிஜமான பலம் அவையின் குழுத் தலைவர் நாற்காலியில் இருக்கிறது, அது பெரும்பான்மைக் கட்சிக்குத்தான் போகும். யாருக்குச் சம்மன் அனுப்புவது, எதை விசாரிப்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். டிரம்பின் வரிக் கணக்கையே பாருங்கள். வரிக் குழுத் தலைவர் யாருடைய கணக்கையும் கேட்டு வாங்கலாம் என்று 1924 முதலே சட்டம் இருக்கிறது. 2017, 2018-இல் சபை டிரம்பின் குடியரசுக் கட்சியிடம் இருந்தது. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி கேட்டுப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. சபை கைமாறியதும், 2019 ஏப்ரலில், புதிய தலைவர் ரிச்சர்ட் நீல் கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை இழுத்து, கணக்கு கைக்கு வர 2022 நவம்பர் ஆகிவிட்டது. டிசம்பர் 30 அன்று வெளியிட்டார்கள். அடுத்த சில நாட்களில் சபை மறுபடியும் குடியரசுக் கட்சியிடம் போனது.

சபையைக் கைமாற்றிய அந்த 2018 நவம்பர் தேர்தல்தான் நான் வாக்களித்த முதல் தேர்தல். ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற விதியால் கிரீன் கார்டு வரிசையில் பதினோரு வருடம் நின்றேன், அப்புறம் குடியுரிமைக்கு ஐந்து வருடம். வரியெல்லாம் முதல் மாதத்திலிருந்தே பிடித்தார்கள். ஏற்கெனவே வாக்குரிமை இருந்தவர்களிலோ, அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் 2014 இடைக்காலத் தேர்தலில் சுமார் 37 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் ஆறவில்லை.

2020 ஜனவரி கடைசி வாரம். டிரம்பின் முதல் விசாரணையில் சாட்சிகளை அழைக்கலாமா வேண்டாமா என்று செனட் முடிவெடுக்க வேண்டிய நேரம். என் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களும் அதிபரின் கட்சி. மதிய இடைவேளையில் அலுவலகக் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவரின் அலுவலகத்துக்கு அழைத்தேன். எட்டாவது முறைதான் லைன் கிடைத்தது. பேசிய பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. முதலில் ஜிப் கோடு, அதாவது நம்மூர் பின்கோடு மாதிரி, கேட்டான். "குற்றவாளியா இல்லையா என்று நான் சொல்ல வரவில்லை, சாட்சிகளைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள்" என்றேன். "ஆதரவா, எதிர்ப்பா சார்?" என்றான். எதற்கு ஆதரவு என்று கேட்டேன். அவனிடம் இருந்த தாளில் இரண்டே கட்டம்தான் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. சாட்சிகள் வேண்டும் 49, வேண்டாம் 51. எங்கள் செனட்டர்கள் இருவரும் வேண்டாம் பக்கம். ஐந்து நாளில் விடுதலை. அதிபரின் கட்சியிலிருந்து மிட் ராம்னி ஒருவர் மட்டும், இரண்டில் ஒரு குற்றச்சாட்டுக்கு, குற்றவாளி என்று வாக்களித்தார்.

நான் ஒரு கட்சிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கீழே வந்து சொல்வீர்கள். 1999-இல் கிளிண்டனுக்கு எதிராக அவருடைய ஜனநாயகக் கட்சியின் செனட்டர் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

பின் எப்படி 1974-இல் அதிபர் நிக்சன் பதவியை விட்டுப் போனார் என்று கேட்பீர்கள். இரண்டு அவையும் எதிர்க்கட்சி வசம் இருந்தது உண்மை. ஆனால் 1974 ஜூலையில் சபையின் நீதிக் குழு முதல் குற்றச்சாட்டை 27-க்கு 11 என்று நிறைவேற்றியபோது அதில் ஆறு பேர் நிக்சனின் கட்சிக்காரர்கள். ஆகஸ்ட் 7 அன்று செனட்டர் கோல்ட்வாட்டர் உட்பட அவர் கட்சியின் மூன்று தலைவர்கள் வெள்ளை மாளிகைக்கே போய், செனட்டில் ஆதரவு இல்லை என்று நேரில் சொன்னார்கள். மறுநாள் இரவு ராஜினாமாவை அறிவித்தார். எதிர்க்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தால் விசாரணை நடக்கும். அதற்குமேல் ஒரு அடி போவதற்குச் சொந்தக் கட்சியில் சிலர் எழுந்து நிற்க வேண்டும்.

நிற்பவர்களுக்கு என்ன ஆகிறது? 2021 ஜனவரியில் சபையில் டிரம்புக்கு எதிராக வாக்களித்த அவருடைய கட்சிக்காரர்கள் பத்துப் பேர். நான்கு பேர் போட்டியிடாமல் ஒதுங்கினார்கள், நான்கு பேர் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றார்கள். 2022-இல் திரும்பி வந்தவர்கள் இரண்டே பேர்.

அந்த இரண்டாவது விசாரணையில், 2021 பிப்ரவரி 13 அன்று, செனட்டில் குற்றவாளி என்று 57, இல்லை என்று 43. தண்டிக்க இன்னும் பத்து வாக்கு தேவைப்பட்டது. கட்சி மாறி வாக்களித்த ஏழு பேரில் ஒருவருடைய அலுவலகத்துக்கு, விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை காலையில் அழைத்தேன். வேறு மாநிலத்துக்காரர். ஒரு பெண் எடுத்து ஜிப் கோடு கேட்டாள். சொன்னேன். வெளிமாநில அழைப்புகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றாள். "சேர்க்க வேண்டாம்மா, நன்றி சொன்னார்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. காலையிலிருந்து திட்டாமல் பேசியவர்களில் நான் மூன்றாவது ஆள் என்றாள்.