வாசகர் கேள்வி: போர்க்காலத்து ஜப்பானிய மரக்கட்டை அச்சுகள்

கேள்வி: ஜப்பானிய இயற்கைக்காட்சி அச்சுக் கலைஞர் கவாசே ஹசுயியின் பனிக்காட்சி ஒன்றை வாங்கினேன். ஓரத்தில் ‘ஷோவா 17’ என்று இருக்கிறது. போர்க்காலத்தில் அச்சானதுதானா?

பதில்: அந்த ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஷோவா என்பது ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிதோவின் ஆட்சிக்கால ஆண்டுக் கணக்கு; அதோடு 1925-ஐக் கூட்ட வேண்டும். 17 என்றால் 1942. ஆனால் ஆண்டு பெரும்பாலும் அச்சடிக்கும் மரக்கட்டையிலேயே செதுக்கப்பட்டிருக்கும். படம் எப்போது உருவானது என்பதைத்தான் அது சொல்லும். அதே கட்டைகளை வைத்துப் போருக்குப் பிறகும் அச்சடித்திருக்கிறார்கள்.

பதிப்பாளர் முத்திரையைப் பாருங்கள். ஹசுயியின் படங்களில் பெரும்பாலானவற்றை வெளியிட்டவர் வதனபே ஷோசபுரோ. போருக்கு முந்தைய அச்சுகளில் அவருடைய நீள்சதுரப் பதிப்புரிமை முத்திரை வெற்று ஓரத்தில் இருப்பது வழக்கம். அதற்குப் பதிலாகப் படத்தின் மூலையில் சுமார் 6 மில்லிமீட்டர் அகல வட்ட முத்திரை இருந்தால், பெரும்பாலும் போர் முடிந்த பிறகு, ஹசுயி காலமான 1957-க்குள் அச்சானதாக இருக்கும். சட்டகத்தில் பொருத்துவதற்காக ஓரத்தை வெட்டிய படங்களை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். வெட்டும்போது போவது வெறும் காகிதமல்ல, சான்று.

அடுத்து, காகிதத்தைத் திருப்புங்கள். மூங்கில் மட்டை சுற்றிய ‘பரென்’ என்ற வட்டத் தேய்ப்பானால் தாளின் முதுகில் அழுத்தித்தான் வண்ணத்தை ஏற்றுவார்கள். அதனால் பின்பக்கமும் நிறம் ஊறித் தெரியும். பல படங்களில் வட்டத் தேய்ப்புத் தடங்களும் இருக்கும். பின்பக்கம் வெள்ளையாக இருந்து, உருப்பெருக்கியில் வரிசையான புள்ளிகளும் தெரிந்தால், அது இயந்திரத்தில் அச்சிட்ட ஆஃப்செட் நகல்.

கேள்வி: போர் நடக்கும்போது இந்தக் கலைஞர்கள் மலையும் பனியும் வரைந்தது அதிலிருந்து ஒதுங்கவா?

பதில்: அப்படிச் சொல்வது பாதி உண்மைதான். ஹசுயி 1939-இல் கொரியா சென்று ‘கொரியாவின் எட்டுக் காட்சிகள்’ தந்தார். 1910 முதல் ஜப்பான் ஆண்ட நிலம் அது. படத்தில் ஒரு சிப்பாய்கூட இல்லை என்பதால் ஆட்சி இல்லாமல் போய்விடாது. இன்னொரு இயற்கைக்காட்சிக் கலைஞரான யோஷிதா ஹிரோஷியோ சீனப் போர்முனைக்கு ராணுவ ஓவியராகவே போனார். 1943-இல் அச்சுக் கலைஞர்களை ஒன்றுதிரட்டி ‘நிஹோன் ஹங்கா ஹோகோகாய்’ என்ற சேவை அமைப்பு உருவானது. தலைவர் அச்சுக் கலைஞர் ஒன்சி கோஷிரோ. 1944-இல் ஹசுயியும் போரினால் தோக்கியோவை விட்டு ஷியோபரா என்ற மலையூருக்குக் குடிபெயர்ந்தார்.

கேள்வி: சுவரில் மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், ஆனால் சில மாதங்களுக்கு மேல் வேண்டாம். வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) இருக்கட்டும். மங்கிய வண்ணம் திரும்பாது. தாளில் நிறம் பரவாமலிருக்கப் படிகாரமும் விலங்குப் பசையும் கலந்து பூசுவார்கள். படிகாரம் காலப்போக்கில் அமிலத்தன்மை தரும், ஈரம் சேர்ந்தால் பழுப்புப் புள்ளிகள் கிளம்பும். எனவே ஈரப்பதத்தை 50 விழுக்காட்டை ஒட்டி வைத்து, அமிலமற்ற பருத்தி அட்டையில், மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் கீல் இரண்டு ஒட்டித் தொங்கவிடுங்கள். பசை கோதுமை மாவுச்சத்துப் பசை. செலோடேப் வேண்டவே வேண்டாம், அதன் கறை தாளுக்குள் இறங்கிவிடும். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. ஈரத் துணியால் துடைப்பதும் ஆகாது; இவை நீரில் கரைத்த வண்ணங்கள்.