எட்டுக்கால் பூச்சி கடிக்கு எந்த ஊசி?

கேள்வி: முந்திரித் தோப்பில் எட்டுக்கால் பூச்சி கடித்து என் தங்கைக்குக் கை வீங்கியிருக்கிறது. விஷமுறிவு ஊசி போடலாமா? சுண்ணாம்பு தடவச் சொல்கிறார்கள்.
- வாசகி, பண்ருட்டி

பதில்: நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான். சிலந்தி விஷத்தை அது முறிக்காது. வீணாக ஒவ்வாமைதான் வரும். ஆஸ்திரேலியாவில் ரெட்பேக் சிலந்திக்கு 1956லேயே மாற்று மருந்து வந்துவிட்டது. இங்கே கடிக்கும் பெரும்பாலான சிலந்திகளுக்கு அப்படி ஒன்று தேவைப்படுவதில்லை.

முதலில் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். வீக்கம் ஏறிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். சுண்ணாம்பு தோலை அரிக்கும், வேண்டாம். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ கிருமி புகுந்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மரப்பொந்தில் இருக்கும் பெரிய ரோமச் சிலந்தி கடித்தால் தசைப்பிடிப்பு சில நாள்கூட விட்டுவிட்டு வரும், அதற்கும் மருத்துவமனைதான்.

கடித்தது எதுவென்று பார்க்காவிட்டால் சிலந்தி என்று முடிவுகட்டாதீர்கள். கட்டுவிரியன் கடித்த தடம் பல சமயம் தெரியவே தெரியாது. வயிற்று வலி, இமை சரிதல், பேச்சுக் குழறல் எதற்கும் காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். அக்குளில் கறுப்பாக ஒரு புண், வலியே இல்லை. சிலந்தி கடியா?
- வாசகர், வில்லியனூர், புதுச்சேரி

பதில்: இந்தக் கேள்விதான் எங்களைக் கவலைப்பட வைக்கிறது. சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம், வலியில்லை, கூடவே காய்ச்சல், தலைவலி என்றால் ஸ்க்ரப் டைபஸாக இருக்க வாய்ப்பு அதிகம். புதரிலும் புல்லிலும் இருக்கும் உண்ணியினப் பூச்சியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு கடித்து வருவது அது. கடித்ததே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் அடிப்பகுதி என மறைவான இடமாகப் பார்த்துக் கடிப்பதால் பொருக்கும் கண்ணில் படுவதில்லை.

அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் இந்தக் கிருமியைத் தொடாது. மாத்திரை சாப்பிட்டும் காய்ச்சல் நிற்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். டாக்சிசைக்ளின் வேலை செய்யும், பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணியும். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். இன்றே ஜிப்மருக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி அந்தப் பொருக்கைக் காட்டுங்கள்.