கேள்வி-பதில்: ரெண்டாவது அடிக்குத்தான் வெடிக்குதா? அப்ப கேப் மேல பழி போடாதீங்க

கேள்வி (ஒஹையோ, அமெரிக்கா): ஜனவரி மான் வேட்டை சீசனுக்காக ஒரு பழைய 50 காலிபர் மஸில்லோடர் ரைஃபிள் (குழாய் முனை வழியா மருந்தும் குண்டும் கெட்டிக்கிற வகை) வாங்கினேன், ஸ்பெயின்ல செஞ்சது, பக்கவாட்டுல ஹாமர் இருக்கிற மாடல். கருமருந்துக்கு பதிலா போடற பைரோடெக்ஸ் மருந்து, அதைப் பத்த வைக்க நம்பர் 11 கேப். பல தடவை முதல் அடிக்கு வெடிக்கறதே இல்ல, உடனே அதே கேப்பை திரும்ப அடிச்சா வெடிக்குது. கடைக்காரர் சூடு அதிகமா கொடுக்கிற மேக்னம் கேப் வாங்குங்கன்றார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனா அது கடைசி வேலை. திரும்ப அடிச்சா வெடிக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, விஷயமே அங்கதான் இருக்கு. கேப் மட்டமா இருந்தா ரெண்டாவது அடிக்கும் சும்மாதானே இருக்கணும்? உங்க கேப் அதை மாட்டற முனை (நிப்பிள்) மேல முழுசா இறங்கி உக்காரல. முதல் அடியோட வேகம் பூரா கேப்பை கீழ தள்றதுக்கே போயிடுது, அப்புறம் விழுற அடிதான் உள்ள இருக்கிற மருந்தை நசுக்குது.

இந்த சமாச்சாரம் புதுசா இருக்கிறவங்களுக்கு: தீபாவளிக்கு பொம்மை துப்பாக்கியில பொட்டு கேப் வெச்சு டப்புனு அடிப்போமே அதே கதைதான், இங்க காகிதத்துக்கு பதிலா குட்டி செப்புத் தொப்பி. அதை நிப்பிள்னு சொல்ற முனையில மாட்டணும், ஹாமர் விழுந்தா தீப்பொறி நிப்பிள் ஓட்டை வழியா இறங்கி, ஒரு திருப்பம் திரும்பி, குழாய்க்குள்ள கெட்டிச்சிருக்கிற மருந்துக்குப் போகணும். இந்த வழியில எங்க தடங்கல் வந்தாலும் திட்டு விழறது என்னமோ கேப்புக்குத்தான்.

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். டப்பாவுல நம்பர் 11னு போட்டிருக்கிறதை அப்படியே நம்பாதீங்க. சிசிஐ, ரெமிங்டன், ஜெர்மன்காரங்களோட ஆர்டபிள்யூஎஸ் 1075, இது ஒவ்வொண்ணும் அளவுல கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசப்படும், ஒருத்தரோட 10 இன்னொருத்தரோட 11 மாதிரி உக்காரும். ரெண்டு மூணு கம்பெனி கேப் வாங்கி உங்க நிப்பிள்ல எது பொருந்துதுன்னு பாக்கறதுதான் வழி. விரலால அழுத்தினா அடி வரைக்கும் இறங்கணும், துப்பாக்கியை கவுத்தாலும் விழக்கூடாது. லூசா இருந்தா சிலர் கேப்பை லேசா நசுக்கி மாட்டுவாங்க, ஒப்பேத்தலாம்தான், எனக்கு அது பிடிக்காது, சின்ன சைஸ் வாங்கிட்டா வேலை முடிஞ்சுது.

எந்த கேப்புமே இறங்கலன்னா நிப்பிளோட தலையை லென்ஸ் வெச்சு பாருங்க. கேப் இல்லாம வெறும் ஹாமரை அடிச்சு அடிச்சு விளையாடின பழைய துப்பாக்கியில அந்த விளிம்பு வெளிய பிதுங்கி காளான் மாதிரி ஆயிருக்கும். அப்ப நிப்பிளையே மாத்திடுங்க, ரொம்ப செலவு ஆகாது. ஆனா மரை விஷயத்துல உஷார்! ஸ்பெயின், இத்தாலி துப்பாக்கிகள்ல பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் மரை, அமெரிக்க மாடல்கள்ல கால் அங்குலம், அங்குலத்துக்கு 28 புரி. பாத்தா ஒண்ணு மாதிரியே இருக்கும், மாத்தி முடுக்கினீங்கன்னா மரை போச்சு. பழசையும் கையோட எடுத்துட்டுப் போய் அளந்து வாங்குங்க.

அடுத்து எண்ணெய். சீசன் முடிஞ்சு துடைச்சு எண்ணெய் போட்டு வெச்சிருப்பீங்க, அது அந்த திருப்பத்துல போய் தேங்கி நிக்கும், அதுக்கு மேல மருந்தை கெட்டிச்சா அந்த இடத்து மருந்து ஊறிப்போய் என்ன கேப் போட்டாலும் பிடிக்காது. அதனால சுட்டுப் பழகற ரேஞ்சுக்கு போனதும் மருந்து போடறதுக்கு முன்னாடி குச்சி விட்டு குழாய் காலியா இருக்கான்னு பாருங்க, அப்புறம் வெறும் கேப் மட்டும் மாட்டி, குழாய் முனையை ஒரு புல்லுக்கு பக்கத்துல காட்டி அடிங்க. புல்லு ஆடினா வழி திறந்திருக்கு. ஆடலன்னா நிப்பிளை கழட்டி சுத்தம் பண்ணுங்க, சந்தேகத்தோட மருந்து போடாதீங்க.

இதெல்லாம் சரி பண்ணின பிறகும் கேப் டப்னு அடிச்சு ஒரு கணம் கழிச்சுதான் துப்பாக்கி வெடிக்குதுன்னா அப்ப மேக்னம் வாங்குங்க. பைரோடெக்ஸ் பத்திக்க அசல் கருமருந்தை விட சூடு அதிகம் வேணும், அந்த வகையில உங்க கடைக்காரர் சொன்னது தப்பில்ல. அங்க ஜனவரி குளிர்ல இருந்து துப்பாக்கியை சூடான வீட்டுக்குள்ள கொண்டு வந்தா உள்ள நீர் பூத்துடும், அதையும் மறக்காதீங்க.

ஒரே ஒரு கண்டிப்பு. வெடிக்கலன்னா உடனே ஹாமரை இழுத்து திரும்ப அடிக்கிறீங்களே, அதை விடுங்க. லேட்டா வெடிக்கலாம். குழாயை இலக்கு பக்கமே பிடிச்சு குறைஞ்சது ஒரு நிமிஷம் காத்திருங்க. கேப் சிதறும், கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கேள்வி (வேலூர்): சீனாவுல மெட்ராஸ் சிப்பாய்களோட துப்பாக்கி மழையில நனைஞ்சு மாட்டிக்கிட்டாங்கன்னு படிச்சேன். நிஜமா?

பதில்: நிஜம்தான். 1841 மே மாசம், முதல் அபினிப் போர், கான்டன் நகரத்துக்கு வெளிய. பிரிட்டிஷ்காரங்க பக்கம் போன 37வது மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரியோட ஒரு கம்பெனி (பட்டாளத்துல ஒரு பிரிவு) கொட்டற மழையில தனியா பிரிஞ்சு போச்சு, கையில இருந்ததெல்லாம் சிக்கிமுக்கிக் கல்லு துப்பாக்கி, மருந்து நனைஞ்சு ஒண்ணும் வெடிக்கல, சுத்தி ஈட்டியோட ஊர்க்காரங்க. பயனெட்டை வெச்சே சமாளிச்சுக்கிட்டு நின்னவங்களை தேடி வந்தது கேப் துப்பாக்கி வெச்சிருந்த பிரிட்டிஷ் மரீன் (கடற்படை சிப்பாய்) கம்பெனி ரெண்டு. அதே மழைதான், அவங்க துப்பாக்கி வெடிச்சுது!

கோபம் வர்ற விஷயம் என்னன்னா, 1834லயே இங்கிலாந்துல சோதனை பண்ணி பாத்தாச்சு. ரெண்டு வகையிலயும் 6000 ரவுண்டு சுட்டதுல கல்லு துப்பாக்கி 922 தடவை ஏமாத்திச்சு, கேப் துப்பாக்கி 36 தடவைதான். அதுக்கெல்லாம் முன்னாடி 1807லயே அலெக்சாண்டர் ஃபோர்சைத்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார் அடிச்சா பத்திக்கிற மருந்தை வெச்சு பேட்டன்ட் வாங்கிட்டார். வாத்து சுடப் போற மனுஷன், கல்லு துப்பாக்கியோட பளிச்சுல பறவை உஷாராகி பறந்துடுதுன்னு கடுப்பாகி கண்டுபிடிச்சது. கண்டுபிடிப்பு வந்தும் சிப்பாய் கைக்கு வர எத்தனை வருஷம் பாருங்க.

கேள்வி (பென்சில்வேனியா): கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வர்ற மஸில்லோடர் மான் சீசனுக்கு எந்த கேப் நல்லது?

பதில்: எதுவும் வேணாம். உங்க ஊர்ல அந்த சீசன் கல்லு துப்பாக்கிக்கு மட்டும்தான், கேப் ரைஃபிளோட போனா ஃபைன் கட்டுவீங்க. அக்டோபர்ல வர்ற மஸில்லோடர் சீசன்ல கேப் செல்லும், ஆனா அது கொம்பில்லாத மானுக்குத்தான், விதிப்புத்தகத்தை ஒரு தடவை புரட்டிட்டு கிளம்புங்க.